ஜன்னலுக்கு ஒரு தகரம்

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், மருதமுனைக் கடற்கரை வீதியின் வேப்பமரத்தடியில் றாஸிக்கின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். ஹெல்மட்டைக் கழற்ற மாட்டான். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி அரைமணி நேரம் அப்படியே இருப்பான். கடற்காற்று சட்டைக்குள் புகுந்து ஊதும், வெயில் மஞ்சளாகி இறங்கும், அவன் தலைக்குள் வயலின் வாசிக்கத் தொடங்கிவிடும்.

அவன் பார்த்த படங்களிலெல்லாம் கதாநாயகன் இப்படித்தான் நின்றான். அவள் முதலில் முறைப்பாள், பிறகு திட்டுவாள், இடைவேளைக்குப் பின் ஒரு மழைநாளில் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்த மழைநாளுக்காகத்தான் நாலு மாதமாகக் காத்திருக்கிறான்.

அந்த வீட்டு றுமானாவுக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுத, கல்முனைக்கு வகுப்புக்குப் போய்வந்தாள். அவள் ஏறிய பஸ்ஸின் பின்னால் இவன் போனான். ஒருநாள் அவள் பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டமாய் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தாள். வெட்கம் என்று நினைத்தான். முகத்தை மூடிக்கொண்டு வரத் தொடங்கினாள். தனக்காகவே மூடுகிறாள் என்று பூரித்தான். பிறகு வகுப்புக்கே போகாமல் விட்டாள். பாவம், காதல் அவளையும் படுத்துகிறது என்று மனமுருகினான். இப்படி ஒரு புத்தி அவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

றாஸிக் வேலை செய்வது ஒரு வெல்டிங் கடையில். ஒரு புதன்கிழமை முதலாளி அவனைக் கூப்பிட்டு, ஒரு வீட்டு ஜன்னலுக்குத் தகரம் அடிக்க வேண்டும் என்று விலாசத்தைச் சொன்னார். றுமானாவின் வீடு!

எங்கள் பக்கத்தில் மகளுக்கென்றுதான் வீடு கட்டுவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். கடை ஆட்டோவில் தகரத்தோடு போய் இறங்கிய றாஸிக், மாப்பிள்ளை நுழைவதுபோல பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தான். ஹெல்மட் இல்லாத அவனை அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

றுமானாவின் உம்மா சுபைறா அவனை அறைக்குள் கூட்டிப்போனார். ஒரு மேசை, அதில் தூசி படிந்த புத்தகங்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. தூரத்தில் இருப்பதாக அவன் நினைத்த வேப்பமரம் முகத்துக்கு நேரே நின்றது. அதன் அடியில் அவனுடைய மோட்டார் சைக்கிள் சொட்டிய ஒயில் கறை.

"அதிலதான் ஒருத்தன் ஒவ்வொரு நாளும் வந்து நிக்கான், மகன்," என்றார் சுபைறா. "ஆரெண்டும் தெரியா. புள்ளைக்கு நித்திர இல்ல, படிப்பும் இல்ல. கட்டார்ல இருக்கிற வாப்பாட்ட சொன்னா, படிப்ப நிப்பாட்டி நிக்காஹ்வ முடிச்சிடுவாரு. அதான் சொல்லல்ல."

அவன் தகரத்தைத் தூக்கி ஜன்னலில் பிடித்தான். நண்பகலில் அறை இருண்டது. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. நாலு மாதத்தில் றுமானாவின் குரலை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இனி அவனுக்கு என்னப் பாக்கேலாதுதானே?"

றாஸிக் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் இனி வரமாட்டான் என்றான். எப்படித் தெரியும் என்று சுபைறா கேட்டபோது, அவன் தலை நிமிரவில்லை.

"அது நான்தான், உம்மா."

சுபைறா பின்வாங்கித் திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றார். படத்தில் என்றால் இந்த இடத்தில் அவள் கண் கலங்கி வெளியே வந்திருப்பாள். றாஸிக்கின் பாழாய்ப்போன மனசு அப்போதும் அதைத்தான் எதிர்பார்த்தது.

றுமானா வெளியே வரவில்லை. நடுக்கத்தோடுதான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"படத்துல பின்னால வாறவன்ட பாட்டத்தான் போடுறாங்க. முன்னால போறவள்ட நெஞ்சு அடிக்கிறது ஒங்களுக்குக் கேக்கவே இல்ல. ஒருத்தி பயந்து ஓடக்குள்ள பின்னால வாறதுக்குப் பேரு காதல் இல்ல."

"இனி வரமாட்டன். தகரம் தேவல்ல," என்றான்.

"நீங்க சொன்ன ஒடன என்ட பயம் போயிடுமா? தகரத்த அடிச்சிட்டே போங்க."

அவன் தகரத்தை எடுத்து, தன் கையாலேயே அந்த ஜன்னலை மூடினான்.