குப்புசாமி மச்சானின் பப்பாளித் தோட்டம்

என் அக்கா பாவாயியின் புருஷன் குப்புசாமி மச்சானுக்கு ரெண்டாயிரமாவது வருஷம் பப்பாளிப் பைத்தியம் பிடித்தது. மலைமேல் அவர்கள் இருக்கும் குண்டனி நாடே மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் பப்பாளி நாற்றோடு பஸ்ஸை விட்டு இறங்கினார்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஊர் வாய்க்கு அவள்தான் அவல். சேந்தமங்கலத்து டாக்டரம்மா, "உனக்கு ஒரு குறையும் இல்லை, அவரைக் கூட்டி வா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மச்சானிடம் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. கடைசிச் சாக்கு பப்பாளி.

"மொதக் காய் பறிச்சுட்டு வாரேன் பாவாயி. இப்பத் தோட்டத்த உட்டுட்டு வர முடியுமா?"

வேலையில் மட்டும் மனிதரைக் குறை சொல்ல முடியாது. குழிக்கு மூன்று நாற்று வைத்து, சாணி கரைத்து ஊற்றி, தண்டருகே தண்ணீர் நிற்காமல் மண் அணைத்தார். கிளையே விடாமல் நெட்டுக்கு வளர்ந்து உச்சியில் மட்டும் இலை விரித்த மரங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பனைபோல நின்றன. பூ வைத்ததும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை வெட்டினார்.

மாசியில் நான் முள்ளுக்குறிச்சியிலிருந்து அக்காவைப் பார்க்கப் போனேன். காப்பிகூடக் குடிக்க விடாமல் மச்சான் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மரத்துக்கு மரம் நீளக் காம்புகளில் பூ சரம்சரமாகத் தொங்கியது.

"எப்படிப் பூத்திருக்குது பாத்தியா சங்கீதா?"

"காய் எங்கீங்க மச்சான்?"

"வரும் கண்ணு."

"குழிக்கு ரெண்டு வெட்டியிருக்கறீங்களே, அந்த மரமெல்லாம் எப்படி இருந்துச்சுங்க?"

"அதுக சோம்பேறிக. தண்டோட ஒட்டி ஒண்ணு ரெண்டு குண்டுப்பூ வெச்சுச்சு, அதுவும் லேட்டா."

எனக்கு வந்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் குண்டுப்பூதானுங்க பொம்பள மரம்! காய்க்கறதே அதுதான். பத்துப் பொம்பளைக்கு ஒரு ஆம்பள மரம் போதும். நீங்க ஆம்பளைகளாப் பொறுக்கி வெச்சுச் சீராட்டிட்டு இருக்கறீங்க!"

மச்சான் முகம் சுண்டிப்போனது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்துப் போனார். பக்கத்துக் காட்டில் மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த அக்கா வந்து அதைக் கையிலிருந்து வாங்கினாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"இது காய்க்காதுங்க. இனி எதுக்குக் காத்திருக்கோணும்? காலையில மொத பஸ்ஸுக்கு டாக்டரம்மாகிட்டப் போலாமுங்க."

மச்சான் குனிந்து ஒரு மரத்தடியில் மண் அணைக்க ஆரம்பித்தார். அடுத்த சாக்கைத் தேடுகிறார் என்றே எனக்குப் பட்டது, கோபமும் வந்தது.

"ஊர்ல கேட்டா?" என்றார் கடைசியில்.

"நாத்து வாங்கப் போறமுன்னு சொல்லுங்க."

காலையில் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த அத்தாயி திரும்பினாள். ஊரில் அவள் கேட்காத கேள்வி கிடையாது.

"என்ன பாவாயி, மறுபடியும் ஆசுபத்திரியா? இன்னுமா உன்ற கொற தீரல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். பஸ் மொத்தத்துக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. என்னையத்தான் காட்டப் போறோம்."