பன்னிரண்டாவது டோக்கன்

அந்த வீட்டில் ஒரு ஸ்பேனரை எடுக்க வேண்டுமானால், அது தொங்கும் ஆணியில் ஒரு டோக்கனை மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் கருவி அறையைக் காத்தவர். அங்கே அதுதான் சட்டம். தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுச் சாமானை எடுத்துப் போகவேண்டும். சாமான் திரும்பி வந்தால்தான் டோக்கனைக் கழற்றலாம். மேலதிகாரியே வந்து நின்றாலும் இவரிடம் அந்தச் சட்டம் வளையாது. ஓய்வு பெற்ற அன்று மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள். இவர் தன்னுடைய ஏழாம் நம்பர் டோக்கன்களை ஒரு டப்பா நிறையக் கேட்டு வாங்கிவந்தார். சிநேகிதர்கள் அவரை டோக்கன் என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க கராஜ். பெயர்தான் கராஜ், அதற்குள் கார் நுழைந்து பத்து வருஷம் ஆகிறது. “கார் வெளிய வெயில்ல காயுது, சுத்தியல் உள்ள நிழல்ல தூங்குது. இந்த நியாயம் உலகத்துல எங்கயாவது உண்டா?” என்று அவர் மனைவி கேட்பாள். டோக்கன் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவர் காது அப்படிப்பட்டது.

போன மாதம் அவள் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வீடு மாடியில், பதினாறு படிகளுக்கு மேலே. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் கராஜ் ஓர் அறையாக வேண்டும். கட்டில் போட இடம் வேண்டும், சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே நீட்டிவிட்டார்கள். டோக்கன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. நாற்பது வருஷம் கூடவே இருந்தவளை யாரோ மணியடித்துச் சோறு போடும் இடத்தில் விட அவருக்கு மனசில்லை.

திங்கட்கிழமை காலையில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தார். வாய் ஓயாதவர், வேலையும் ஓயாதவர்.

“மாமா, மூணு குவியல். வச்சுக்கறது, கொடுக்கறது, தூக்கிப் போடறது.”

“வச்சுக்கறது மட்டும் போட்டா பத்தாதா?”

“அதுக்கு நான் எதுக்கு? நீங்களே சாஞ்சு உக்காந்து ரசிக்க வேண்டியதுதானே?”

சாயங்காலத்துக்குள் பாதி கராஜ் காலியாயிற்று. மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், எதற்கென்று அவருக்கே மறந்துபோன இரும்புகள் எல்லாம் குப்பைக்குப் போயின. சுவரில் தொங்கிய பெரிய சாமான்கள் பதினொன்றும் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறின: சம்மட்டி, ரம்பம், ட்ரில், கப்பி, புல் வெட்டும் மெஷின், இன்னும் ஆறு. வண்டி தெருமுனையில் திரும்பியபோது டோக்கனுக்குக் கண் கலங்கியது. மைத்துனர் சுவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

“மாமா, இது என்ன கூத்து?”

சாமான் கழன்ற ஒவ்வோர் ஆணியிலும் ஓர் ஏழாம் நம்பர் டோக்கன் தொங்கியது. எப்போது மாட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. கை தன்பாட்டுக்குப் பைக்குள் போயிருக்கிறது, மாட்டியிருக்கிறது.

“தொட்டில் பழக்கம்” என்றார் டோக்கன் வெட்கத்தோடு.

“சரி சரி, கிடக்கட்டும். சுவருக்கு நகை போட்ட மாதிரி இருக்கு.”

செவ்வாய்க்கிழமை காலையில் டோக்கன் ஷட்டரைத் தூக்கினார். சம்மட்டி அதன் ஆணியில், பித்தளை டோக்கனுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கப்பி. அதற்கு அடுத்த ஆணியில் புல் வெட்டும் மெஷினின் கைப்பிடி மட்டும்.

மைத்துனருக்குப் போன் போட்டார். “விளையாட இதுவா நேரம்?”

“நானா? நேத்து முதுகு பிடிச்சது, இன்னும் கட்டில்லேந்து இறங்கல. என்ன மாமா ஆச்சு?”

பழைய சாமான்காரரைக் கேட்டார். அவர் குரலில் சிரிப்பே இல்லை. “அண்ணே, அந்த மெஷினை நேத்தே பிரிச்சுட்டேன். கைப்பிடி ஒரு மூட்டை, மோட்டார் ஒரு மூட்டை, பிளேடு ஒரு மூட்டை. மூட்டை கட்டினது கட்டினபடி இருக்கு. கைப்பிடி மட்டும் இல்ல.”

புதன்கிழமை காலையில் மோட்டார் வந்திருந்தது. பழைய சாமான்காரர் சாக்பீஸால் எழுதிய எடை அதன்மேல் அப்படியே இருந்தது. ட்ரில்லும் ரம்பமும்கூட வந்துவிட்டன. ஷட்டர் பூட்டியது பூட்டியபடி. டோக்கன் உட்கார ஒரு முக்காலி தேடினார், அதையும் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டிருந்தார்.

உட்காராமலே யோசித்தார். யோசிக்க அதிகம் இருக்கவில்லை. டோக்கன் தொங்கினால் சாமான் திரும்பி வந்தாக வேண்டும். முப்பத்தொரு வருஷமாக ஊருக்கெல்லாம் அவர் சொன்ன பாடம் அது. யாரும் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை, இந்தச் சுவர் கேட்டிருக்கிறது.

அன்று நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் தெளிவாக இருந்தாள். இடது காலின் பெருவிரலை அசைத்துக் காட்டினாள், பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி முகம்.

“கட்டில் எங்க போடப் போறீங்க?”

“ஜன்னலோரம்.”

“கராஜ் காலியாயிடுச்சா? நிஜமாவா?”

“நாளைக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறேன், பாரு.”

வீட்டுக்கு வந்ததும் ஆணி ஆணியாகப் போய் எல்லா டோக்கன்களையும் வழித்து ஒரு காலி டப்பாவில் போட்டு மூடினார். திரும்பி வந்த சாமான்களைப் பழைய சாமான்காரரின் வண்டியில் மறுபடி ஏற்றினார். இந்தத் தடவை வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே நின்று ஏற்றச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் சுவர் வெறுமையாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. டோக்கன் வாய்விட்டுச் சிரித்தார். மைத்துனர் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்து வெள்ளையடித்தார். கட்டில் இறங்கியது, ஜன்னலில் திரை ஏறியது. பத்து வருஷத்தில் முதல்தடவையாக அந்த இடத்தில் ஒருவர் கையை வீசி நடக்க முடிந்தது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. நர்ஸ் பேசினாள். காலையிலிருந்து எவ்வளவு கூப்பிட்டும் அவர் மனைவி கண் திறக்கவில்லை, டாக்டர் உடனே வரச் சொல்கிறார்.

மைத்துனர் காரை எடுக்க ஓடினார். டோக்கனின் கால் இடறி அந்த டப்பா கவிழ்ந்தது. குனிந்து பொறுக்கினார். உலகமே இடிந்து விழுந்தாலும் பொறுக்குகிறபோது எண்ணுகிற ஜென்மம் அவர். எண்ணினார். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினார். சாமான் பதினொன்றுதான் போனது.

ஷட்டரை ஒட்டி ஓர் ஆணி உண்டு, சாமான் எதுவும் மாட்டாத ஆணி. நேற்று வழித்தபோது அதிலிருந்தும் ஒன்று கையில் வந்தது. போன மாதம் ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை மாடியிலிருந்து இறக்கி, கராஜ் வழியாகத்தான் ஸ்ட்ரெச்சரை வெளியே கொண்டுபோனார்கள். இவர் ஒரு கையால் ஷட்டரைத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கை என்ன செய்தது என்று இப்போது ஞாபகம் வந்தது. விரல் நுனியில் பித்தளையின் சில்லிப்புகூட ஞாபகம் வந்தது.

அதை அவரே கழற்றிவிட்டார். சுவர் சுத்தமாக வேண்டும் என்று கழற்றிவிட்டார்.

“மாமா! வண்டியில ஏறுங்க!”

டோக்கன் ஏறவில்லை. பன்னிரண்டும் ஏழாம் நம்பர். எது அவளுக்கு மாட்டியது என்று எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் ஷட்டர் ஆணியில் மாட்டி, அது புல் வெட்டும் மெஷினுடையதாக இருந்துவிட்டால்? ஈரம் காயாத சுவரில் ஆணி ஆணியாகப் போய்ப் பன்னிரண்டையும் மாட்டினார். கையெல்லாம் வெள்ளை.

“மாமா, புத்தி கெட்டுப் போச்சா? அங்க அக்கா கண்ணைத் தொறக்காம கிடக்குது, நீங்க இங்க...”

“அவளுக்குத்தான்டா மாட்டறேன்” என்று டோக்கன் அழுதார். “எல்லாம் வரட்டும். குப்பை பூராவும் வரட்டும். அவ வந்தாப் போதும்.”

மைத்துனர் அவர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். டாக்டர் நீளமாக ஏதோ காரணம் சொன்னார், டோக்கன் தலையை மட்டும் ஆட்டினார். வெள்ளிக்கிழமை வேண்டாம், ரெண்டு நாள் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறோம் என்றார்கள்.

அதற்குள் சம்மட்டி வந்துவிட்டது. ரம்பம், ட்ரில், கப்பி வந்தன. சனிக்கிழமை மிச்ச சாமான்களும் வந்தன. ஒவ்வொன்று வந்ததும் அதன் டோக்கனைக் கழற்றுவதுதான் முறை. டோக்கன் எதையும் தொடவில்லை. மெஷின் மட்டும் முழுசாக வரவில்லை: கைப்பிடி வந்தது, மோட்டார் வந்தது, பிளேடு இன்னும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கப்பிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு கிடந்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவள் சுவரைச் சுற்றிலும் பார்த்தாள். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, வார்த்தை கோணவில்லை.

“ஒரு வாரம் இருந்துச்சு. ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து என்னத்தக் கிழிச்சீங்க?”

மைத்துனர் தரையைப் பார்த்தார். டோக்கனுக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது. இதற்காகத்தானே பன்னிரண்டையும் மாட்டினார். சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார். அவள் வந்துவிட்டாள். இனி முறைப்படி அவளுடைய டோக்கனையாவது கழற்றிவிடலாம் என்று ஷட்டர் பக்கம் கை நீட்டினார்.

“எடுக்காதீங்க” என்றாள்.

அவளிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

“ஏன்?”

“இன்னும் முழுசா வரல.”

போர்வைமேல் கிடந்த இடது கையை அவள் பார்த்தாள், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. டோக்கன் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

“மிச்சம்... எப்ப வரும்?”

“கிளம்பிடுச்சு” என்றாள் அவள், அலுத்துக்கொள்கிற குரலில். “ஒத்தக் கால்ல நடந்து வர வேண்டாமா? வர்றப்ப வரும். ஷட்டரைப் பூட்டிடாதீங்க.”

மைத்துனர் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டுப் போய்விட்டார். டோக்கன் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். பிறகு யோசித்து, ஓர் ஆள் குனியாமல் வரட்டும் என்று முழுசாகத் தூக்கிவிட்டார்.