ஏழாவது கேள்வி

வெட்கப்படுவதற்கும் ஒரு இடம் பொருள் ஏவல் வேண்டாமா? மலாய் நாட்டு ரெம்பியா ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பிச்சைமுத்துவுக்கு மூத்திர விஷயத்தில் போய் அப்படியொரு வெட்கம்.

வேன் லைசென்ஸுக்காக வருஷம் ஒரு தடவை கிளினிக்கில் மலாய் மொழியில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். பேசுகிற மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுத்து ஏறாது. மனைவி கமலவேணி இறந்த பிறகு மகள் ராகினிதான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துப் பதிலை எழுதுவாள். ஏழாவது கேள்வி, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்பது. அவள் தலையைத் தூக்காமல் கேட்பாள். இவர் சுவரைப் பார்த்து ‘இல்லை’ என்பார். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா இது? இப்படியே எட்டு வருஷம்.

உண்மையில் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளை வேனில் வைத்துக்கொண்டு வழியில் எங்கே நிறுத்துவது என்று காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டார். வலி இல்லை. வலிக்காதது ஒரு வியாதியா என்று தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டார்.

போன வருஷம் ராகினிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. முப்பத்தொரு வயது. வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள்.

“என்னோடத எடுத்துக்கம்மா, எனக்கு எதுக்கு ரெண்டு” என்றார் பிச்சைமுத்து. ரத்தப் பிரிவு பொருந்தியது. அன்றைக்கு வேன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், பாவி மனுஷன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ராகினி அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். மூத்திரப்பை வாசலில் இருக்கும் சுரப்பி வீங்கிவிட்டது, புற்று இல்லை. வீங்கிய சதைக்குள் ரத்தம் சரியாகப் போகாமல் மூச்சு முட்டுகிறதாம். முட்டினால் அது உதவிக்கு ஆள் கூப்பிடுமாம். வருகிற ஆளோ அழற்சி. வந்தவன் இன்னும் வீங்கத்தான் வைக்கிறான். வீங்க வீங்க மறுபடி மூச்சு முட்டல். அப்படியே வழி அடைபட்டு, தேங்கிய நீரின் அழுத்தம் மேலே ஏறி அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது.

அங்கே வந்ததும் ராகினி டாக்டரை விட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

“உங்க கிட்னிய எடுக்க முடியாதாம்ப்பா. உங்களுக்கே பத்தாதாம்.”

பிச்சைமுத்து, வேறு வழியே இல்லையா என்று கேட்கச் சொன்னார். டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டியது அவருக்கே புரிந்தது.

“வருஷா வருஷம் நான்தானேப்பா கேட்டேன்” என்றாள் ராகினி. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

மூத்திரம் போகக் குழாய் வைக்க அவரை வார்டில் சேர்க்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் ஒரு ஃபாரம் கொடுத்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ராகினி வாசித்தாள். அந்தக் கேள்வி இதிலும் இருந்தது. இந்தத் தடவை பிச்சைமுத்து சுவரைப் பார்க்கவில்லை.

“இருக்கும்மா.”

“எத்தன வருஷமா?”

“எட்டு” என்று சொல்லி, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதார். ராகினி எட்டு என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்வியை வாசித்தாள்.