குடைக்கும் தங்கைக்கும் ஒரே பேனா

கார்மோஸினாவுக்குத் தலைக்கனம் என்று நேப்பிள்ஸ் முழுக்கப் பேச்சு. அவள் ஒருநாளும் அதை மறுத்ததில்லை. ஓபரா அரங்கத்தின் தூண்வரிசைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஏழு கடித எழுத்தாளர்களில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற ஆறு பேரின் மேசைமுன்னால் ஈ ஓட்டுகிற நாளிலும் அவள் மேசைமுன்னால் நாலு பேர் நிற்பார்கள். அப்புறம் தலை கனக்காமல் என்ன செய்யும்?

எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கு அவள்தான் வாய். பெல்ஜியத்துச் சுரங்கத்தில் இருக்கிற காதலனுக்கு ஒரு கடிதம், அதன் மை காய்வதற்குள் மிலானோவில் இருக்கிற கடைக்காரனுக்கு ஒரு கடிதம். இரண்டுக்கும் ஒரே பேனா, ஒரே மைக்கூடு. "ரெண்டும் ஒரே வேலைதான். தூரத்துல இருக்கிறவன் நம்மளப் பாக்காமலேயே நம்பணும்" என்பாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பாள். அனுப்புகிறவர் கேட்டுவிட்டு, "ஆமா, இது நான்தான்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காகிதத்தை மடிப்பாள். சொல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவாள். பத்தொன்பது வருஷமாக இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒன்பதாவது வருஷம், அக்டோபர் மாதத்தில் ஒருநாள் காலை, குடை செய்கிற சவேரியோ தன் தங்கை ஒர்சோலாவை அழைத்துக்கொண்டு வந்தான். கடைசிப் படியில் அவளுக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டான். அவளுக்கு இடதுகால் குட்டை. குழந்தையில் வந்த காய்ச்சல் செய்த வேலை. இப்போது முப்பத்தோரு வயது. பெண் பார்க்க வந்த இரண்டு பேர், அவள் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்கள்.

மூன்றாமவன் பார்க்கவே வரவில்லை, அதனால்தான் போகவும் இல்லை. நிக்கோதேமோ என்று பெயர். ஆஸ்திரேலியாவில் கரும்பு வெட்டுகிறவன். அவனுக்குப் போன புகைப்படத்தில் ஒர்சோலா நாற்காலியில் உட்கார்ந்து, தன்னால் படிக்க முடியாத ஒரு புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். அதோடு கார்மோஸினாவின் கையால் நாலு கடிதங்களும் போயிருந்தன. கால் பற்றி கார்மோஸினாவுக்கே தெரியாது. அந்த நாலுக்கும் சவேரியோ தனியாக வந்து, "தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல, அவ சொன்னதத்தான் சொல்றேன்" என்று எழுதிக்கொண்டு போயிருந்தான். அனுப்புகிறவரை விட்டு வேறொருத்தர் வாயை அவள் நம்பியது, பத்தொன்பது வருஷத்தில் அந்த நாலு கடிதத்துக்கு மட்டும்தான். ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பான். அவனுக்குப் பதிலாக இங்கே கோயிலில் சவேரியோ நின்று மோதிரம் போடுவான். அப்புறம் அவளைக் கப்பலேற்றி விடுவார்கள். அப்படித்தான் அப்போது பாதித் தெருவின் பெண்களும் போனார்கள்.

"கடைசிக் கடிதம் டோன்னா கார்மோஸினா, சம்மதம்னு எழுதணும். என் குடைய வித்துக் கொடுத்தீங்கல்ல, அந்த மாதிரி அடிச்சு விடுங்க" என்றான் சவேரியோ. அவளை ஊரே மரியாதையாக 'டோன்னா' என்றுதான் கூப்பிடும்.

கார்மோஸினா காகிதத்தை எடுத்து வைத்தாள். ஒர்சோலா நடந்து வந்த நடையையும் அவள் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். வீட்டையே தாங்குகிற கை, மான்போல் ஓடியாடி வேலை செய்கிற சுறுசுறுப்பு, கடலைத் தாண்டிப் பறந்து வரத் துடிக்கிற மனம் எல்லாம் வந்தன. எழுதி முடித்து உரக்கப் படித்தாள். பக்கத்துத் தூணில் காத்திருந்த மீன்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா, இது நீதானா?" என்று கார்மோஸினா ஒர்சோலாவைக் கேட்டாள்.

ஒர்சோலா காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. யாரு இந்தப் பொண்ணு?" என்றாள்.

மீன்காரி சிரித்துவிட்டாள். சவேரியோவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அவ கெடக்கா, நீங்க மடிங்க."

"மடிக்க மாட்டேன்."

"அதான் நான் சொல்றேனே, இது அவதான்!"

"நீயா புருஷன் வீட்டுக்குப் போற? கோயில்ல மாப்பிள்ளைக்குப் பதிலா நிக்கப்போற, சரி. பொண்ணுக்குப் பதிலாவுமா?" என்றாள் கார்மோஸினா. "ஏன்டா, ரோமாபுரிக்குக் குடை அனுப்பினப்போ என்ன எழுதினேன்? பிடி தந்தம்னு போடச் சொல்லிக் குதிச்ச. தந்தம் இல்ல, மாட்டெலும்பு, ஆனா ஈரக்கையில வழுக்காதுன்னு போட்டேன். ஒரு வாரம் என்னைத் திட்டின. அப்புறம் முப்பது டஜனுக்கு ஆர்டர் வந்துச்சா இல்லையா?"

"அது குடை! திரும்பி வந்தா மூலையில போட்டு வைப்பேன். இவ கப்பல்ல போய் எறங்கி, அவன் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிச்சா? இல்ல, இப்பவே வேணாம்னுட்டான்னா? துணியெல்லாம் வாங்கிட்டேன். தெருவுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?" தங்கைமேல் பாசம் இல்லாதவன் இல்லை. பாசம் இருந்ததால்தான் பொய் சொல்லத் துணிந்தான்.

அதுவரை அண்ணன் நிழலிலேயே நின்ற ஒர்சோலா, முன்னால் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதுங்க டோன்னா. போட்டோவுல நான் உக்காந்திருக்கேன், ஏன்னா எனக்கு இடதுகால் குட்டை. நடப்பேன், வேலை செய்வேன், ஆனா மெதுவா. படி ஏற எனக்கு ரொம்ப நேரமாகும். இதுக்கு மேலயும் நான் வேணும்னா சொல்லுங்க, வர்றேன். வேணாம்னா அதையும் சொல்லுங்க, ஒளிஞ்சுக்கிட்டுக் கல்யாணம் பண்ண என்னால முடியாது."

கார்மோஸினா எழுதினாள், படித்தாள். "நான்தான்" என்றாள் ஒர்சோலா. சவேரியோ தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். காகிதம் மடிந்தது.

பத்து வாரம் பதில் இல்லை. சவேரியோ சும்மா இருக்கிற ஆளா? கார்மோஸினா தன் தங்கை கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாள் என்று காய்கறிச் சந்தையில் ஆரம்பித்துத் துறைமுகம்வரை சொல்லித் தீர்த்தான். மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார்கள் கார்மோஸினாவின் மேசையைத் தாண்டிப் போய், மற்ற ஆறு பேரில் ஒருவனான லிபோரியோவின் மேசையில் நின்றார்கள்.

"அக்கா, மை காஞ்சு போகப்போகுது, கொஞ்சம் தண்ணி ஊத்திக்கோங்க" என்றான் லிபோரியோ அந்தப் பக்கத்திலிருந்து.

"உன் கடிதத்துல ஊத்துற தண்ணியில மிச்சம் இருந்தா குடுடா" என்றாள் இவள். வாய் அப்படிப் பேசியதே தவிர, மனசுக்குள் பயம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. தன்னுடைய சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைத்துவிட்டோமோ? அந்த ஒர்சோலா என்ன பாவம் செய்தாள்? தான் எழுதின கடிதம் எதுவும் வீண்போனதில்லை என்ற பெருமை வாரத்துக்கு வாரம் கசந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். ஒர்சோலா கையில் பிரிக்காத உறை. அவள் உதடு வெளுத்திருந்தது. "படிங்க. எதையும் விடாதீங்க" என்றாள்.

யாரும் எழுதித் தந்த கடிதமில்லை அது. கோணலும் மாணலுமாக அவனே எழுதியிருந்தான். கார்மோஸினா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"ஒர்சோலாவுக்கு. வெட்டு முடியுற வரைக்கும் காட்டுலயே இருந்தேன், அதான் லேட்டு. உங்க முதல் நாலு கடிதம் ரொம்ப அழகா இருந்துச்சு. படிக்கப் படிக்க எனக்குப் பயமா இருந்துச்சு. இவ்வளவு அழகா பேசுறவ இந்தக் கரும்புக்காட்டுக்கு வந்து என்ன பண்ணுவாளோன்னு, ஏதாச்சும் சாக்குச் சொல்லி நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்."

கார்மோஸினா காகிதத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அந்த நாலு கடிதங்களைப் பற்றி அவள் எத்தனை பேரிடம் பீற்றியிருப்பாள்! காது சூடானது. சவேரியோ அவளைப் பார்த்தான். அந்த நாலும் அவன் சொல்லிக் கொடுத்தவை என்பதும் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேல படிங்க" என்றாள் ஒர்சோலா.

"இப்ப வந்த கடிதத்துலதான் ஒரு மனுஷி இருந்தா. எனக்கும் ஒண்ணு சொல்லணும். நான் அனுப்புன போட்டோ எட்டு வருஷம் பழசு. இப்ப தலையில முடி இல்ல. வேணாம்னா சொல்லிடுங்க. இங்க வெள்ளம் வரும்னு வீடெல்லாம் மரத்தூண் மேல நிக்கும். என் வீட்டுக்குச் செங்குத்தா பதினாலு படி. வீட்டுக்கு வந்து கடிதத்தப் பாத்த மறுநாளே அத இடிச்சுட்டேன். தாழ்வா, அகலமா, இருபத்தஞ்சு படி கட்டியிருக்கேன். நடுவுல உக்கார ஒரு பலகை. இடதுகால்னு எழுதியிருந்தீங்க, கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்னு யோசிச்சேன், தெரியல. கேட்டு எழுதினா இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதனால ரெண்டு பக்கமும் வச்சிட்டேன்."

லிபோரியோவின் மேசைமுன்னால் நின்ற தாய்மார்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். சவேரியோ தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான், வெட்கமில்லாமல், எல்லோர் முன்னாலும். லிபோரியோகூட எழுந்து வந்து தூணில் சாய்ந்து நின்றான்.

ஒர்சோலா அழவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "பதில் இப்பவே போகட்டும்" என்றாள்.

கார்மோஸினா புதுக் காகிதத்தை எடுத்தாள். இருபத்தைந்து படிகளுக்கு என்னவெல்லாம் எழுதலாம் என்று கை துறுதுறுத்தது. உயிருள்ளவரை ஏறிக்கொண்டே இருக்கலாம் போல அழகான வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை விரட்டினாள். "சொல்லும்மா" என்றாள்.

"முடி இல்லாட்டி பரவாயில்ல. கைப்பிடி எனக்கு வலது பக்கம் மட்டும் போதும். இடது பக்கத்தையும் எடுத்துடாதீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு நீங்க என்கூட ஏறி வாங்க, மெதுவா."

கார்மோஸினா சொன்னதைச் சொன்னபடி எழுதினாள், ஒரு சொல்கூடத் தன்னுடையதாகச் சேர்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எழுதிய எந்தக் கடிதத்துக்காகவும் அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.