பக்கத்து வீட்டைவிட ஓரடி

நல்லூருக்கு வெளியே சோளக்காட்டைச் சைட் போட்டு விற்றபோது, முதல் வீட்டைக் கட்டியவர் கன்னையன். பிறகு வந்த ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட பேஸ்மட்டத்தை ஓரடி கூட்டியே கட்டினார்கள். கடைசியாக வந்த பனியன் கம்பெனி எல்லோரையும் மிஞ்சியது. ரோடும் தார்மேல் தார் போட்டு உயர்ந்தது. மழை பெய்தால் தெருத்தண்ணீர் முழுக்கக் கன்னையன் வீட்டுக்குள்தான்.

பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வடநாட்டு ஆட்களைக் கூட்டிவந்து, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். இப்போது தெருவிலேயே அவர் வீடுதான் உயரம்.

அடுத்த மழைக்கு எதிர்வீட்டுப் பரணி வந்தான்.

"ஏனுங்க, அந்த ஜாக்கிக்காரர் நம்பர் இருக்குங்களா? தண்ணி இப்ப எங்க ஊட்டுக்குள்ள வருதுங்க."

"அதுக்கென்ன கண்ணு, குறிச்சுக்க" என்ற கன்னையன், கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னார்.