மான் தின்ற பெர்மிட்

சுவிஸின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபது வருடமாக ஜப்பானியச் சுற்றுலாக் கூட்டங்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தவர் சிவலிங்கம். 2010ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து மனைவி கலாவதியிடம் சொன்னார்:

"இவ்வளவு காலமாய் அவையள் வந்து எங்கட மலையைப் பாத்திட்டுப் போகினம். நாங்கள் ஒருக்காலாவது அவையின்ர ஊரைப் போய்ப் பாக்காட்டி மரியாதையில்லை."

மரியாதைக்காகவே ஒக்டோபரில் இருவரும் ஜப்பானின் நாரா நகரத்துக்குப் போனார்கள். அது ஒரு காலத்தில் தலைநகரானதன் ஆயிரத்து முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. மலைபோல் உட்கார்ந்திருந்த பெரிய புத்தருக்கு முன்னால் கலாவதி கற்பூரம் எங்கே கொளுத்துவது என்று தேடினார். அங்கே ஒரு தூணின் அடியில் சதுரமாக ஓட்டை இருந்தது. அதற்குள் புகுந்து வெளியே வந்தால் பாக்கியம் கிட்டுமாம். சிவலிங்கம் புகுந்தார். வயிறு மட்டும் வர மறுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள்.

வெளியே வந்தால் மான்கள். அவை கடவுளின் தூதர்கள் என்று அந்த ஊரில் அவிழ்த்தே விட்டிருந்தார்கள். ஒரு மான் அவரைப் பார்த்துத் தலை தாழ்த்தியது. ஹோட்டலில் பழகிய மனிதர் சும்மா நிற்பாரா? அவரும் குனிந்தார். மான் மறுபடியும் தாழ்த்தியது. அவர் இன்னும் கீழே குனிந்தார். ஐந்தாவது தடவை குனிந்தபோது, பின்னால் நின்ற வேறொரு மான் அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து சுவிஸ் வதிவிட அனுமதிப் பத்திரத்தை உருவி, அங்கேயே நின்று நிதானமாக மென்று விழுங்கியது. பிளாஸ்டிக் உறையை மட்டும் துப்பியது.

அங்கிருந்த சுவிஸ் தூதரகம் கொடுத்த தற்காலிக விசாவில் ஊர் திரும்பி, புதுப் பத்திரம் கேட்டு குடிவரவு அலுவலகக் கவுண்டரில் நின்றார்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: தொலைந்தது, திருடப்பட்டது.

"இஞ்சேருங்கோ, துலைஞ்சுபோச்செண்டு போடுங்கோவன். ஆர் கேக்கப்போகினம்?" என்றார் கலாவதி.

"அது எங்க போனதெண்டு எனக்குத் தெரியுமப்பா. பிறகெப்பிடித் துலைஞ்சதெண்டு எழுதுறது?"

நடந்ததை ஜெர்மன் மொழியில் அப்படியே சொன்னார். கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா முகம் மாறாமல் கேட்டு, திருடனின் அடையாளம் என்ன என்றார்.

"பழுப்பு நிறம். கொம்பு வெட்டியிருந்தது."

அவர் எழுதிக்கொண்டார். "அதன் உரிமையாளர்?"

கலாவதிக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "அதுக்கு உரிமையாளர் இல்லை. அது கடவுளின் தூதர்," என்றார்.

அதிகாரியின் பேனை நின்றது. 'கடவுள்' என்ற சொல் அவரைத் தடுக்கவில்லை, 'தூதர்' என்ற சொல்தான் தடுத்தது; தூதரென்றால் அரசாங்க விவகாரம். உள்ளே போனார். மேலதிகாரிகள் இருவரோடு திரும்பி வந்தார். தூதர் எந்த முறையில் பத்திரத்தை வாங்கினார் என்று அவர்கள் கேட்க, சிவலிங்கம் குனிந்து காட்டினார். மூவரும் குசுகுசுத்தார்கள். கடைசியில் படிவத்தின் ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் கீறி, 'வெளிநாட்டு அதிகாரத்தின் பிரதிநிதியால் தடுத்து வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி நீட்டினார்கள்.

சிவலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். அதில் பொய்யென்று எதுவும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கிழமையில் ஒரு பதிவுக் கடிதம் வந்தது. பிரதிநிதி என்ன காரணத்துக்காகத் தடுத்து வைத்தார் என்று பத்து நாட்களுக்குள் எழுத்தில் விளக்க வேண்டுமாம். சிவலிங்கம் ஒரு பின்னேரம் முழுக்க யோசித்து, ஒரே சொல்லில் பதில் எழுதினார்: பசி.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஜனவரியில் புதுப் பெர்மிட்டை எடுக்கப் போனபோது, அதே அதிகாரி அம்மா குரலைத் தாழ்த்தி, சித்திரையில் நாராவில் கூட்டம் அதிகமாக இருக்குமா என்று கேட்டார். பின்னால் ஏழு பேர் இலக்கத் துண்டோடு காத்து நிற்க, சிவலிங்கம் ஒரு வெற்றுப் படிவத்தைத் திருப்பிப் போட்டு, ஸ்டேஷனிலிருந்து புத்தர் கோயிலுக்குப் போகும் வழியைக் கீறத் தொடங்கினார்.