நீலத்திலேயே நின்ற குமிழ்

வெப்பத்தை அடக்கத் தெரிந்தவன் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஒருவன்தான் என்றும், அது தான்தான் என்றும் இஷாக் அறிவித்தான். சொல்லும்போது முகத்தில் பேருக்குக்கூடச் சிரிப்பு இல்லை. முதுகோடு ஒட்டிப்போன சட்டையை மட்டும் இரண்டு விரலால் இழுத்து விட்டுக்கொண்டான். கத்திரி வெயில் தொடங்கி மூன்றாவது நாள். வேடசந்தூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட அவனுடைய பட்டறையில், மின்விசிறி முந்தின நாளே தன் உழைப்பை நிறுத்தியிருந்தது.

அறிவிப்பைக் கேட்டவர் பல் டாக்டர் அருள்நாதன். அவருக்குப் பின்னால் அவருடைய கார் நின்றது. பார்வைக்குச் சாதாரண சின்னக் கார். காய்கறி வாங்கப் போகிற ஜாதி. உள்ளே வேறு கதை. டர்போவை மாற்றி, இன்ஜினின் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதி, கம்பெனி கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கு சக்தியை அதிலிருந்து பிழிந்திருந்தார்கள். சக்தி கூடினால் சூடும் கூடும். சிறுமலைக்கு ஏறினால் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலேயே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது என்பது டாக்டரின் குறை.

"கோயம்புத்தூருக்கே கொண்டுபோயிரலாமான்னு யோசிச்சேன் தம்பி."

"கோயம்புத்தூர்க்காரனுக்குச் சூட்டைப் பத்தி என்ன டாக்டர் தெரியும்? பாவம், காத்துல வளந்தவன். நாங்க சூட்டுக்குள்ளயே பொறந்தவங்க."

"சனிக்கிழமை நாங்க எட்டு பேர் மேல ஒரு தோட்டத்துக்குப் போறோம். ஞாயித்துக்கிழமை காலைல நீங்களே வண்டிய ஓட்டிட்டு வாங்க. நடுவுல எங்கயும் நிக்காம வந்துச்சுன்னா எட்டு பேர் வண்டியும் இனி உங்க பட்டறைதான்."

"வண்டி மேல வந்ததும் பானெட்ல கை வச்சுப் பாருங்க டாக்டர். உங்களுக்கே பல்லு கூசும்."

காருக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, போதும். மொதல்ல அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு."

குரல் மரியசெல்வியுடையது. பட்டறையின் இன்னொரு பாதி. பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் இஷாக்குக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, அவன் பார்த்து எழுத வசதியாகப் பேப்பரைச் சாய்த்து வைத்தவள். மூன்று மாதத்துக்கு முன் இருவரும் சேர்ந்து பட்டறை போட்டார்கள். பலகையில் 'உயர்செயல்திறன் வாகன மையம்' என்று எழுதினார்கள். அந்த எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள் என்பது செல்வியின் கருத்து. மூன்று மாதத்தில் உள்ளே வந்த உயர்செயல்திறன் வாகனங்கள்: நான்கு ஸ்கூட்டர், ஒரு ஷேர் ஆட்டோ, வழி கேட்க வந்த ஒரு டிராக்டர்.

டாக்டர் போனதும் செல்வி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"மில்லுல இருந்து லெட்டர் வந்துருச்சு. திங்கக்கிழமை சேரணும். மெயின்டனன்ஸ்ல."

"எந்த மில்லு?"

"வேடசந்தூர்ல எத்தன மில்லு இருந்தா என்ன? ஏதோ ஒரு மில்லு. அப்பா மூணு மாசம் டைம் குடுத்தாரு, முடிஞ்சுருச்சு. இந்த வண்டி மேல போயிருச்சுன்னா அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நடுவுல படுத்துருச்சுன்னா திங்கக்கிழமை காலைல மில் பஸ் ஏறிருவேன்."

கல்லூரிச் சுவரில் பிரின்சிபாலையே நக்கலடித்து எழுதி ஒட்டிய இஷாக், அவள் முன்பே கேட்ட பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

புது ரேடியேட்டர் முழுக்க அலுமினியம். பழையதைவிட இரண்டு விரல் தடிமன். அதனாலேயே பழைய இடத்தில் உட்கார மறுத்தது. "ரேடியேட்டர் சரியாத்தான் இருக்கு, காருதான் சின்னது" என்று இஷாக் கண்டுபிடித்துச் சொன்னான். செல்வி அளவெடுத்தாள். முன் சட்டத்தில் தாங்கிகளை வெட்டி எடுத்து, புதிதாக நான்கு செய்து வெல்டிங் வைத்தாள். அலுமினியத் தகட்டை வளைத்து, இரண்டு மெல்லிய விசிறிக்கும் சேர்த்து ஒரு கூடு அடித்தாள். காற்று சந்து பொந்தில் நழுவாமல் ரேடியேட்டர் வழியாகவே போக வேண்டும் என்பதற்காக ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினாள். பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதில் நீல நிறத்தில் சிலிக்கான் குழாய்கள். இஷாக்கின் பங்கு, அந்த நீலம் டாக்டரின் காருக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொன்னதும், படம் எடுத்துப் போட்டதும்.

அவள் வெல்டிங் வைப்பதை அவன் அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உருகிய உலோகம் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காகப் படிந்துகொண்டே போனது. இவள் மில்லுக்குப் போய்விட்டால் பட்டறையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான். பலகை மிஞ்சும். அப்புறம் அவன் வாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு நான் மில்லுக்கு மெடிக்கல் செக்கப்புக்குப் போகணும். ரேடியேட்டருக்குக் கூலன்ட் தண்ணிய நீயே ஊத்திரு. ஆனா ஊத்தும்போது உள்ள ஹீட்டர் நாப்பை சிவப்புப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வை. இந்த வண்டில அதத் திருப்பினாத்தான் ஹீட்டர் குழாய்க்கு வழி தொறக்கும். இல்லாட்டி உள்ள காத்து அடைச்சுக்கும்."

இஷாக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஹீட்டரா?"

"ஆமா."

"திண்டுக்கல்லுல?"

"ஆமாங்கறேன்ல."

"கத்திரி வெயில்ல ஹீட்டர் போடுன்னு ஒரு மெக்கானிக் சொல்றா. செல்வி, போத்திக்க ஒரு கம்பளியும் தரவா?"

அதோடு விடவில்லை. காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பல் கிடுகிடுக்க நடுங்கிக் காட்டினான். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'குளிர் தாங்காமல் தவிக்கும் திண்டுக்கல் மக்களுக்கு ஹீட்டர் செல்வியின் நிவாரண முகாம்' என்று ஒரு அறிவிப்பும் வெளியிட்டான். முப்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். அதில் செல்வியும் ஒருத்தி. சிரித்துவிட்டு, "நக்கலெல்லாம் இருக்கட்டும், தொறந்து வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இஷாக்கின் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சமவெளியில் ஓடுகிற எந்தக் காரிலும் ஹீட்டர் குமிழின் சிவப்புப் பக்கத்தை யாரும் தொட்டதில்லை. கார் வாங்கின அன்று குமிழை நீலத்தின் கடைசிக்குத் திருப்புவார்கள்; கார் விற்கிற அன்றும் அது அங்கேயே இருக்கும். அந்தச் சிவப்பு கல்யாணப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்து உறவினர் பட்டியலைப்போல. அச்சடித்தாக வேண்டும், படித்தாக வேண்டியதில்லை.

சனிக்கிழமை இஷாக் தனியாகக் கூலன்ட் ஊற்றினான். குமிழ் நீலத்தில் இருந்தது. ஏசியும் போட்டுக்கொண்டான். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டான். முள் நடுவில் வந்து பசுவைப்போல நின்றது. பட்டறையிலிருந்து மேம்பாலம் வரை இரண்டு முறை ஓட்டினான். பசு அசையவில்லை. மூன்று மணிக்குச் செல்வி போன் செய்தாள்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

"ஹீட்டரத் தொறந்தியா?"

"தொறந்தேன், தொறந்தேன்."

ஒரு முறை சொன்னால் போதாதா, எதற்கு இரண்டு முறை சொன்னோம் என்று போனை வைத்தபிறகு அவனுக்கே தோன்றியது.

ஞாயிறு காலை ஏழரைக்குச் செல்வி சர்ச்சில் பூசை முடித்து நேராகப் பட்டறைக்கு வந்தாள். இஷாக் ஓட்டினான். வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டி முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. முள் நடுவிலேயே. ஆறாவது வளைவில் மலைவாழைத் தார் ஏற்றிய ஜீப் ஒன்று இறங்கி வந்தது. ஒதுங்கி வழி விட்டார்கள். ஒன்பதாவது வளைவு வந்தது. பழைய கணக்குப்படி இங்கே சிவப்பு. முள் நகரவில்லை.

"எப்பிடி?" என்றான் இஷாக்.

"இன்னும் ஒம்பது இருக்கு. பேசாம ஓட்டு." ஆனால் செல்வியின் முகம் மலர்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றை அளைந்தாள். "மேல போனதும் அப்பாவுக்குத்தான் மொதல்ல போன் பண்ணணும்."

பதினொன்றாவது வளைவின் செங்குத்தில் முள் ஒரே தாவாகத் தாவியது. நடுவிலிருந்து சிவப்பின் விளிம்புக்கு. பிறகு கீழே இறங்கியது. மறுபடி தாவியது. இஷாக் ஓரத்தில் விரிந்திருந்த மண் திட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றது. பானெட்டைத் தூக்கினார்கள். விசிறி இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கும் ஒழுகவில்லை. உள்ளே மட்டும் எங்கோ, உலையில் அரிசி தளதளப்பதுபோலக் குளுகுளுவென்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் என்னவென்று இஷாக்குக்குத் தெரிந்துவிட்டது. காற்று. நேற்று அவன் திறக்காமல் விட்ட வழியில் அடைந்து கிடந்த காற்று. வண்டி மூக்கைத் தூக்கியதும் கிளம்பி வந்து இன்ஜினின் தண்ணீர் பம்புக்குள் புகுந்திருக்கிறது. பம்புக்குத் தண்ணீரைத்தான் தள்ளத் தெரியும். காற்றைத் தள்ளத் தெரியாது.

செல்வி டார்ச்சை அடித்துத் தன் தாங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வெல்டிங்ல எங்கயோ மயிரிழை விட்டிருக்கும்போல இஷாக்."

"இருக்காது."

"பின்ன? தாங்கி அசைஞ்சு குழாய் மடங்கியிருக்கும். இல்லாட்டி விசிறிக் கூடு. நான் அடிச்சதுதான் எதுவோ தப்பு." டார்ச்சை அணைத்தாள். "நீ ஒழுங்காத்தானே ஊத்துன. ஹீட்டரத் தொறந்துதானே ஊத்துன?"

அவன் சாலையைப் பார்த்தான்.

கல்லூரியில் வெப்ப இயக்கவியல் எடுத்த ஆசிரியர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் அவன் மண்டையில் தங்கியிருந்தது. வெப்பத்தை யாரும் அழிக்க முடியாது, கைமாற்றிவிடத்தான் முடியும். இன்ஜின் தண்ணீரிடம் கொடுக்கிறது, தண்ணீர் அலுமினியத்திடம், அலுமினியம் காற்றிடம். ஒருவர் வாங்கிக்கொள்ள மறுத்தால் கொடுத்தவர் உருகிப்போவார். செல்வி பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து, கையில் பழைய துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் யாருடைய தப்பையோ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை அதையும் எடுத்துக்கொண்டு மில் பஸ்ஸில் ஏறுவாள். வெல்டிங் வராதவள் என்று தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொண்டு, அங்கேயே இருந்துவிடுவாள்.

டாக்டரிடமிருந்து போன் வந்தது. "எங்க தம்பி இருக்கீங்க? இங்க எட்டு பேரும் காத்துக்கிட்டு நிக்கிறோம்."

"பதினொண்ணாவது வளைவுல நிக்கிறோம் டாக்டர். சூடாயிருச்சு."

"அட. என்ன கோளாறு?"

ரேடியேட்டர் சந்தையிலேயே மட்டமானது என்று சொல்லலாம். டர்போ மாற்றியவனைச் சொல்லலாம். கோயம்புத்தூரைக்கூடச் சொல்லலாம். டாக்டருக்குப் பல்லைத் தவிர எதுவும் தெரியாது.

"செத்த நேரத்துல சொல்றேன் டாக்டர்" என்று வைத்தான்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டார்கள். கீழே சமவெளி புழுதி மூட்டத்தில் கலங்கிக் கிடந்தது. குழாயைத் தொட்டால் சுடவில்லை என்று ஆனதும் செல்வி துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணு. எங்க விடுதுன்னு பாப்போம்."

இஷாக் உள்ளே ஏறினான். இன்ஜினை உயிர்ப்பித்தான். ஏசியை அணைத்தான். பிறகு குமிழைப் பிடித்து, நீலத்திலிருந்து சிவப்பின் கடைசிவரை திருப்பினான். வாங்கின நாள் முதல் திரும்பாத குமிழ். கறகறவென்று சத்தம் போட்டுத்தான் திரும்பியது. திறந்திருந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற செல்விக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் தலை பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது.

ரேடியேட்டர் வாயில் பெரிய குமிழி ஒன்று கிளம்பி உடைந்தது. தண்ணீர் மட்டம் சடாரென்று ஒரு சாண் இறங்கியது.

செல்வி அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இஷாக் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு பூச்சியைத் தீவிரமாக ஆராய்ந்தான்.

"தொறந்தேன், தொறந்தேன்னு ரெண்டு தடவ சொன்னப்பவே எனக்குச் சந்தேகந்தான்" என்றாள்.

"உன் வெல்டிங்ல ஒண்ணுமில்ல செல்வி."

"தெரியுது." கூலன்ட் கேனை எடுத்து மெதுவாகச் சாய்த்தாள். இன்னொரு குமிழி வந்தது. இன்னும் ஊற்றினாள். "வாட்ஸ்அப்புல முப்பத்திரண்டு பேரு சிரிச்சாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

"நான்தான் சொல்லணும். டாக்டருக்கும்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் நானே சொல்றேன். நீ மில்லுக்கு..."

செல்வி நீலக் குழாயை இரண்டு கையாலும் பிசைந்து விட்டுக்கொண்டிருந்தாள். குமிழிகள் சின்னதாகி, அபூர்வமாகிக்கொண்டு வந்தன. "படுத்தது வண்டி இல்லடா, நீ. இனி எந்த வண்டி வந்தாலும் தண்ணி ஊத்துறது நான். நீ உள்ள உக்காந்து ஹீட்டரப் பாரு."

"சரி."

"கண்ணாடிய ஏத்து. காத்து எம்புட்டுச் சூடா வருதுன்னு அப்பதான் தெரியும்."

அதற்கு அவசியமில்லை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மணி பத்தேகால். வெயில் வளைவு முழுவதும் நிறைந்திருந்தது. கீழிருந்து ஏறி வந்த பேருந்தின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள் திரும்பின.

இஷாக் நான்கு கண்ணாடியையும் ஏற்றினான். உள்ளங்கையைக் காற்றுத் துவாரத்தின் முன் விரித்து வைத்துக்கொண்டு, நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்க இறங்கத் துடைக்காமல், சூடு வருவதற்காகக் காத்திருந்தான்.